பொறி ஏன் மெலிஞ்சுது

மூடியை அப்புறம் கழட்டலாம் சார், அது எங்க ஓடிடப்போவுது? வெல்டிங் டார்ச்சைப் பாக்காம நேரா மெஷின் வயித்தைக் கிழிக்கறதை டாக்டருங்களே செய்யமாட்டாங்க. உக்காருங்க. மெஷின் கம்பெனி இஞ்சினியரு, கோபிநாத்துதானே பேரு? முதலாளி கோபிநாதன்னாரு. கடைசியில அன் உண்டா? கெடையாதா, சரி. எனக்கு அதெல்லாம் சரியா இருந்தாத்தான் பேச்சே வரும். நான் கொளஞ்சி. பத்தாவதோட நின்னவன்தான், ஆனா அகராதி வெச்சிருக்கேன், மூணு.

கோளாறு இதுதான். மெஷின் சுனாமி வந்த வருஷம் வாங்குனது. வாங்கி ரெண்டு வருஷம் ஆவுது, ஒரு தும்மல் கெடையாது. பெடலை மிதிச்சா டங்ஸ்டன் மொனையிலேருந்து நீலமா ஒரு பொறி தாவும், தகட்டைத் தொடாமலே ஆர்க் பத்திக்கும். பத்து நாளா அந்தப் பொறி சவலையா வருது, தாவமாட்டேங்குது. நானும் மொனையைத் தகட்டுல உரசி உரசிப் பத்தவெக்கிறேன். உரசினா என்ன ஆவும், உங்களுக்குத் தெரியாததா? டங்ஸ்டன் துணுக்கு ஒடஞ்சி வெல்டுக்குள்ள மாட்டிக்கும். நோணாங்குப்பம் படகுத்துறைக்கு எஸ்.எஸ். கைப்பிடி செய்யிறோம், பதினோரு ஜாயின்ட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. முதலாளி புருஷோத்தமன் இப்ப அவங்க கால்ல விழத்தான் போயிருக்காரு. போவும்போதே சொல்லிட்டாரு, மெஷின்ல கோளாறு இல்லன்னு இஞ்சினியர் எழுதிட்டா கோளாறு உன் கையில, சனிக்கிழமையோட வேற எடம் பாத்துக்கன்னு. பன்னெண்டு வருஷமா இந்த முத்தியால்பேட்டை பட்டறையிலயே பழகுன கை சார் இது. அதனால பொறுமையாப் பாருங்க.

ஐயோ, பெடல்ல கால் வெக்காதீங்க! எடுங்க, மொதல்ல காலை எடுங்க. இல்ல, ஷாக்கெல்லாம் இல்ல. இன்னும் எர்த்து பாக்கலியே, அதான். மணி என்ன ஆவுது? பத்தே முக்காலா. சரி, சரி.

டங்ஸ்டனைப் பாருங்க. காலையிலதான் தீட்டுனேன், பென்சில் மாதிரி இருக்கு. செராமிக் கப்புல விரிசல் இல்ல. ஆர்கான் கேஸு நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஓடுது. ஆர்கான்னா என்ன அர்த்தம் தெரியுமா? கிரேக்கத்துல சோம்பேறி. எதோடயும் சேராது, எதையும் செய்யாது. முதலாளியோட மச்சானை நான் ஆர்கான்னுதான் கூப்புடறேன். அது ஏதோ சாமி பேருன்னு நெனச்சிக்கிட்டு சிரிக்கிறாரு. நீங்க சிரிக்கல. பரவால்ல.

எர்த்து கிளாம்ப்பா? கடிச்சிப் புடிச்சிருக்கு, துருவையெல்லாம் சுரண்டிட்டுத்தான் மாட்டுனேன். கேபிள் ஈரமில்ல. சுருட்டியும் வெக்கல, இரும்பு டேபிள் மேலயும் போடல. பொறி வழியிலேயே கசிஞ்சிடக் கூடாதுன்னு கயித்துல தூக்கிக் கட்டியிருக்கேன் பாருங்க. டீ சொல்லட்டுமா? எதுத்த கடையில நாராயணசாமி போடற டீ குடிக்கிற மாதிரி இருக்கும். வேணாமா. அட, கழட்டவே ஆரம்பிச்சிட்டீங்களே.

நாலு ஸ்க்ரூ. மூணாவது வழுக்கும், அமுக்கித் திருப்புங்க. எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும் சார். ஸ்க்ரூ தலையில புதுக் கீறலா? கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

பொறியை உண்டாக்கற பாயின்ட் ரெண்டுக்கும் நடுவுல கேஜ் தகட்டை விட்டுப் பாக்கறீங்க. எவ்ளோ காட்டுது? மூணு தௌ, இஞ்சில ஆயிரத்துல மூணு பங்கு. இருக்க வேண்டியது எட்டு. வாஸ்தவம், இடைவெளி கொறஞ்சா பொறிக்குப் பலம் கொறையும். தானாக் கொறையுமான்னா கேக்கறீங்க? பாயின்ட் தேஞ்சா இடைவெளி கூடத்தான் செய்யும். தானாக் கொறையாது. ஆமா சார். கொறையாது.

நான்தான் கொறைச்சேன்.

கத்தாதீங்க, சொல்றேன். எட்டுல வெச்சிக்கங்க, உங்க வேலை அது. பெடலை மட்டும் மிதிக்காதீங்க. இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட கட்டில்ல ஒருத்தர் படுத்திருக்காரு. மெஷினுக்கும் அவருக்கும் நடுவுல ஒத்தைக்கல் சுவரு. கட்டிலை மாத்தறதுக்கு அந்த வீட்டுல இன்னொரு ரூம் கெடையாது.

முசியே கஸ்தோன். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு. போன வருஷம் மகளைப் பாக்க பிரான்சுக்குப் போனவரு ஆறு மாசம் கழிச்சி வந்தாரு. வந்ததுலேருந்து நான் மெஷினைப் போட்டா நெஞ்சுல கையை வெச்சிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாரு. கொளஞ்சி, எனக்கு பீல் இருக்குப்பா, இந்த மெஷினை அந்தாண்ட தள்ளி வெய்யி. அதேதான், தினம். எனக்கு பீல் இருக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? முசியே, அது பீல் இல்ல, ஃபீல். கீழுதட்டைப் பல்லால கடிச்சிக்கிட்டுச் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தேன் சார். எனக்கும்தான் ஃபீல் இருக்கு, முதலாளிகிட்ட போய்ச் சொல்ல முடியுதான்னு வேற கேட்டேன். அவரு திரும்பிப் போயிட்டாரு.

பிரெஞ்சு பேசறவருக்கு ஃப வராம இருக்குமா? மூணு அகராதி வெச்சிருக்கறவனுக்கு அது தோணல.

பத்து நாளைக்கு முந்தி நான் சின்னச் சின்னப் பொட்டா டேக் வெல்டு அடிச்சிட்டு இருக்கேன், பெடலை மிதிச்சி மிதிச்சி முப்பது எடத்துல. அந்தாண்ட தொபீர்னு ஒரு சத்தம். பிரான்சுலேருந்து லீவுக்கு வந்திருக்கற அவரு மக மனோன் அலறுது. ஆஸ்பத்திரிக்கு நானும்தான் தூக்கிட்டு ஓடினேன். அங்கதான் அந்தப் பொண்ணு சொல்லுச்சி. பிரெஞ்சுல பீல்னா பேட்டரி. பிரான்சுல இருந்தப்ப நெஞ்சுக்குள்ள வெச்சித் தெச்ச பேட்டரி. நாம பேஸ்மேக்கர்ங்கறோமே, அது. அவங்க வீட்டுல எல்லாரும் பீல்னுதான் சொல்றாங்க. அவரைப் பொறுத்தவரைக்கும் அது ஊருக்கே தெரிஞ்ச தமிழ்.

இந்தப் பொறிதான் காரணமான்னு டாக்டர் அடிச்சிச் சொல்லல. இருக்கலாம், பொறியோட அலை பேஸ்மேக்கரைக் கொழப்பக் கூடும், எட்டத்துல இருக்கறது நல்லதுன்னாரு. அந்த இருக்கலாமை வெச்சிக்கிட்டு நான் எப்படி சார் பெடலை மிதிப்பேன்? முதலாளிகிட்ட சொன்னேன், மெஷினைக் கெழக்குக் கோடிக்கு மாத்திடலாம்னு. கரண்ட் போர்டு இந்தச் சுவத்துல இருக்கு, புதுசா லைன் இழுக்க உங்கப்பனா வருவான்னாரு. குண்டுக்கே அசையாத பட்டாளத்தாரு, உன் பொறிக்கா விழுவாருன்னு சிரிச்சாரு. அன்னிக்கு சாயந்திரமே மூடியைக் கழட்டிட்டேன்.

தினம் பதினோரு மணிக்கு மனோன் அவரைக் கடக்கரைக்கு அழைச்சிட்டுப் போவும். அவங்க வீட்டு இரும்பு கேட்டு தெறக்கும்போது கிறீச்சுன்னு கத்தும். இன்னிக்கு இன்னும் கத்தல. இவ்ளோ நேரம் ஆர்கானு, கிரேக்கம்னு நான் வேற எதுக்கு சார் வாயடிச்சேன்?

என்னது, பாயின்ட் தேஞ்சிடுச்சின்னு எழுதிடவா? நல்ல மனசு சார். ஆனா புதுப் பாயின்ட் பதினஞ்சு நாள்ல பார்சல்ல வந்துடும், முதலாளியே மாட்டிடுவாரு. அப்புறம்? உள்ளதையே எழுதுங்க. ஆபரேட்டர் வேணும்னே கொறைச்சான்னு. கையெழுத்து நான் போடறேன். சனிக்கிழமை எனக்கும் தெரியும் சார். அதுக்குக் கீழ ஒரு வரி மட்டும் சேத்துடுங்க. மெஷினை இந்தச் சுவத்துலேருந்து கெழக்குக் கோடிக்கு மாத்தற வரைக்கும் ஓட்டக் கூடாது. நான் சொன்னா அது வாய்ப்பேச்சு. உங்க கம்பெனி சீல் குத்தியிருந்தா முதலாளி மீற மாட்டாரு.

காரணமா? அதையும் எழுதுங்க. பேஸ்மேக்கர்னு முழுசா எழுதுங்க சார். பீல்னு எழுதிடாதீங்க, முதலாளியும் என்னை மாதிரியே படிச்சிடுவாரு.