கறுத்த ஓடுகள்

திராட்சை மது காய்ச்சும் எங்கள் கோன்யாக் பக்கத்து ஓட்டுக் கூரைகளைப் பார்த்துவிட்டு, பராமரிப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன். பீப்பாயில் கிடக்கும் மது வருடந்தோறும் கொஞ்சம் மரத்தின் வழியே ஆவியாகிப் போகும். அது தேவதைகளின் பங்கு என்பது எங்கள் கணக்கு. அந்த ஆவியைக் குடித்து ஒரு பூஞ்சை வளரும். கரி பூசியதுபோல் ஓட்டிலும் சுவரிலும் படியும். எந்தக் கூரை கறுத்திருக்கிறதோ, அதன் கீழே பீப்பாய் இருக்கிறது.

நான் பிறந்த ஜனவரியில், செப்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி இறக்கியதில் ஒரு பீப்பாயை அப்பா எனக்கென்று ஒதுக்கினார். எனக்கு அறுபது முடியும்வரை திறக்கக்கூடாது என்பது ஏற்பாடு. பள்ளிக்கூட நாட்களில் அதன்மேல் காதை வைத்துப் படுத்திருப்பேன். என்னோடு வளர்ந்தது அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம்.

அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அடக்கம் முடிந்த வாரம் என் கணவர் மொரீஸ் அந்தப் பீப்பாயைக் கேட்டார். அவருக்கு அப்போது குடியும் இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. அப்பா அதை முன்பே விற்றுவிட்டார் என்று என் தம்பி எத்தியேன் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நம்பினேன். மொரீஸ் இறந்து இரண்டு வருடமாகியும் தம்பி வேறு ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய வால்நட் மரம் காற்றில் சாய்ந்தது. வியாழக்கிழமை மதியம் நத்தைக் குழம்பு சாப்பிட அவன் வீட்டுக்குப் போனேன். மரம் மறைத்திருந்த கொட்டகைக் கூரை அன்றுதான் கண்ணில் பட்டது. வெறும் கொட்டகை என்று அவன் சொல்லிவந்த இடம். ஓடு அத்தனையும் கறுப்பு.

சாப்பிட்டு முடித்துத் தட்டை ரொட்டியால் துடைத்துக்கொண்டே கேட்டேன்: "என்னடா தம்பி, உன் கொட்டகையில தேவதைங்க குடியிருக்காங்களா?"

அவன் சிரித்தான். "உனக்குப் போலீஸ்காரக் கண்ணு அக்கா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோயேன்."

அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருந்தால் என்னைப் புரிந்துகொள்வீர்கள். பன்னிரண்டு வருடமாக என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது.

நான் பிடிவாதம் பிடித்ததால் கூட்டிப்போய்க் காட்டினான். தரையில் கிடத்திய இரண்டு உத்தரங்களின்மேல் என் பீப்பாய். பாதிக்குமேல் ஆவியாகிப் போயிருந்தாலும் கால் டன் கனக்கும். அடியில் ஒரு ஆப்பு, அவ்வளவுதான் பிடிமானம். தட்டிப் பார்க்கும் மரச்சுத்தி பக்கத்திலேயே தொங்கியது. அவன் கீழே குனிந்து சிலந்தி வலையை ஒதுக்கினான். நான் ஆப்பைத் தட்டினேன். ஒரு தட்டுதான்.

அவன் உடனே சாகவில்லை. பீப்பாய் அவன் மார்பின்மேல் நின்றது. மூடியின் ஓரம் கசிந்தது. வீணாக வேண்டாமென்று உள்ளங்கையில் பிடித்துக் குடித்தேன். வால்நட், காளான், பழைய தோல். அப்பா சொன்ன மணம் எல்லாம் இருந்தது.

"அக்கா, முகப்பைப் பாரு. அப்பா எழுதினது" என்றான். பிறகு பேசவில்லை. யாரையும் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பீப்பாயின் முகப்பில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தது: 'ஒடெட்டுக்கு. அறுபதில். அதுவரை மொரீஸுக்குத் தெரியக்கூடாது.' ஞாயிற்றுக்கிழமை எனக்கு அறுபது.

அப்பாவின் கையெழுத்துப் போலத்தான் இருந்தது. தம்பிக்குச் சின்ன வயதிலேயே அப்பா மாதிரி எழுத வரும். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் காலையில் எழுதி வைத்திருக்கிறான். எழுத்தின்மேல் அந்தக் கூரைப் பூஞ்சை கறுப்பாகத் தடித்துப் படர்ந்திருந்தது. அதைக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். நீங்களே போய்ப் பாருங்கள், ஐயா. இப்போது புதிதாக எழுதியது போலவே இருக்கிறது.