நாரைகள் கோப்பை வென்ற விதம்

தபிதா பிள்ளை, கோப்பி நல்லாயிருக்கெண்டு முதலிலை ஐயாவுக்குச் சொல்லும். பொலிஸ் நிலையத்திலை இப்பிடிக் கோப்பி கிடைக்குமெண்டு நான் நினைக்கேல்லை. நான் சொல்லுறதை அப்பிடியே டேனிஷிலை மாத்தினால் போதும்.

நான் வந்தது ஒரு பிழையைத் திருத்த. எங்கடை சில்க்போர்க் ஊர் நாரைகள் கூடைப்பந்து அணியின்ரை வரலாற்றைப் போன கிழமை மண்டபச் சுவரிலை பெரிசாய் ஒட்டியிருக்கினம். இந்தமுறைக் கோப்பை புதுப் பயிற்சியாளரின்ரை திறமையாலை வந்ததாம். அந்த மனுசனுக்குத் தன்ரை சப்பாத்து நூலையே ஒழுங்காய்க் கட்டத் தெரியாது. அந்த மண்டபத்தைச் சம்பளமில்லாமல் துடைக்கிறவன் நான். எனக்குத் தெரியாதே?

உண்மையான வரலாறு இது. அணியைத் தொடங்கின தளபாடக் கடைக்காரர் செத்தார். பெடியள் கையிலை கறுப்புப் பட்டி கட்டி, கண் சிவக்க விளையாடித் தங்கம் எடுத்தாங்கள். பிறகு பஸ் சாரதி செத்தார். சாரதிதானே, வெள்ளி கிடைச்சுது. இந்த ரெண்டிலையும் என்ரை கை இல்லை, ஆண்டவர் செய்தது.

அதுக்குப் பிறகு வந்தது கெட்ட காலம். ஒருத்தரும் சாகேல்லை. இந்த நாட்டுச் சனம் கறுத்த பாணைச் சாப்பிட்டுச் சைக்கிள் ஓடித் திரியுது, லேசிலை சாகாது. பெடியள் தோத்துப்போட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு வாறாங்கள். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. இந்த வருசம் தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்தாங்கள். தோத்தால் அணியை இழுத்து மூடப்போறாங்களெண்டு கதை.

ஆர் சாகவேணுமெண்டு ஆறுதலாய் யோசிச்சனான். ஆட்டக்காரர் வேண்டாம், அணி பலவீனமாய்ப் போயிடும். பயிற்சியாளருக்கு ஒருத்தரும் அழமாட்டினம். எல்லாரும் அழக்கூடியவன் என்ரை சிநேகிதன் அந்தோனிதாசன்தான். மன்னாரிலையிருந்து என்னோடை வந்தவன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேல்படியிலை நிண்டு மேளம் அடிச்சுத் தொண்டை கிழியக் கத்துவான். ஆட்டக்காரப் பெடியளுக்கு அவனிலை உயிர். பாவம், முழங்கால் வருத்தக்காரன்.

மண்டபத்துப் பின்படியிலை தேங்காயெண்ணெய் பூசினனான். மேளத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இறங்கினபடியால் அவனுக்குக் காலடி தெரியேல்லை. விழுந்தவனை மடியிலை வைச்சுத் தண்ணி பருக்கினது நான்தான். "மச்சான், அரையிறுதிக்கு மேளம் ஆர் அடிக்கிறது?" எண்டு கேட்டான். பிறகு கதைக்கேல்லை. நானும் அழுதனான், நான் என்ன கல்லே? அம்புலன்ஸ் வர முதல் எண்ணெயை வடிவாய்த் துடைச்சன். என்ரை வேலை எப்பவும் சுத்தம்.

கறுப்புப் பட்டி கட்டினாங்கள். அரையிறுதியும் வெண்டாங்கள், இறுதியாட்டமும் வெண்டாங்கள். முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோப்பையைக் கொண்டுவந்து அவன்ரை படத்துக்கு முன்னாலை வைச்சாங்கள். செத்தவீட்டு அலுவல் முழுக்கப் பாத்தது நான். அவன்ரை மனுசி பவளராணி என்ரை கையைப் பிடிச்சு, "லோரன்ஸ் அண்ணை, நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்திருப்பம்" எண்டு அழுதா. அவவுக்கு இருக்கிற நன்றி சுவரிலை எழுதினவைக்கு இல்லை.

ஏன் பிள்ளை கண்ணைத் துடைக்கிறீர்? ஐயா என்ன கேக்கிறார்? அணியிலை இவ்வளவு அன்பெண்டால் நான் ஏன் அந்தப் படியிலை இறங்கேல்லையோ?

நல்ல கேள்விதான். சொல்லும் அவருக்கு. நான் செத்தால் இறுதியாட்டத்தை ஆர் பாக்கிறது?