பெரிய வெள்ளியின் கட்டைச் சத்தம்

மணியின் நாக்கைக் கட்டுவதற்குப் பழைய கம்பளித் துணிதான் சரி, மேடம். பருத்தி வழுக்கிவிடும். பெரிய வியாழன் பூசையில் கடைசியாக ஒருமுறை அடித்துவிட்டால், இயேசு உயிர்த்தெழும் பாஸ்கா இரவுவரை எங்கள் மடத்தில் எந்த மணியும் ஒலிக்கக் கூடாது. அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவோம். மணியைக் கட்டுவது, கட்டையைத் தட்டுவது, நோயாளிகளைக் கவனிப்பது எல்லாம் என் பொறுப்பு.

மடத்துத் தலைவர் ஃபாதர் லாம்பேர் நல்ல மனிதர். இதை முதலில் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள். மேலிடத்து உத்தரவு வந்ததும் பணிந்துவிட்டார், அவ்வளவுதான். பாஸ்கா ஞாயிறு முதல் இலத்தீன் பூசை கிடையாது. எல்லாம் பிரெஞ்சில், குரு மக்களைப் பார்த்தபடி. நான் தச்சனாக இருந்தவன். அந்தப் பழைய பூசைக்காகத்தான் வீடு வாசலை விட்டு இங்கே வந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அவருக்கு நெஞ்சுவலி. கோவிலுக்கு நேர் மேலே இருக்கும் நோயாளி அறையில் படுத்திருந்தார். வியாழன் மாலை அவருடைய தலைமாட்டு மணியை எடுத்துவிட்டு ஒரு கட்டையைக் கையில் கொடுத்தேன். சிரித்தார்.

“ஏம்ப்பா ஒதிலோன், எனக்கு நெஞ்சை அடைச்சாலும் கட்டையத்தான் தட்டணுமா?”

“முறைன்னா முறைதானே, ஃபாதர்.”

“உன் பிடிவாதம் இருக்கே! சரி, கொடு. ஞாயித்துக்கிழமை இதெல்லாம் பரணுக்குப் போயிரும். அதுவரைக்கும் ஆசை தீரத் தட்டிக்கிறேன்.”

வியாழன் பூசை முடிந்ததும் பீடங்களை வெறுமையாக்குவோம். துணி, மெழுகுவர்த்தி எதுவும் இருக்கக் கூடாது. வெள்ளி மதியம், அவர் கண்ணயர்ந்திருந்தபோது, கட்டிலருகே இருந்த மேசையையும் வெறுமையாக்கினேன். வலி வந்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரை அலமாரிக்குள் போனது. அந்த நாளில் மேசைமேல் ஏதாவது கிடந்தால் எனக்கு உறுத்தும்.

அன்றைய வழிபாட்டில் நீண்ட மன்றாட்டுகள் வரும். நான் கட்டையைத் தட்டினால் எல்லோரும் முழங்காலிடுவார்கள். மறுபடி தட்டினால் எழுவார்கள். ஒரு மன்றாட்டின் நடுவில் கட்டைச் சத்தம் கேட்டது. எல்லோரும் முழங்காலிட்டார்கள். என் கட்டை என் கையில் அசையாமல்தான் இருந்தது.

பக்கத்தில் நின்ற பிரதர் குளோவிஸ் கிசுகிசுத்தார். “என்ன அவசரம் பிரதர்? ஜெபமே இன்னும் முடியலையே.”

“மன்னிச்சிருங்க, கை தவறிருச்சு” என்றேன்.

மறுபடி சத்தம். எழுந்தார்கள். மறுபடி சத்தம். முழங்காலிட்டார்கள், நானும்தான். தட்டும் சத்தம் ஒவ்வொரு முறையும் நலிந்துகொண்டே வந்தது. மாடிப்படி எனக்குப் பின்னால்தான் இருந்தது. நான் ஏறவில்லை. பிறகு சத்தம் நின்றது.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். மாத்திரையை எடுத்து வைத்தது நான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தும் போகாதது நான். கொன்றேன் என்றே எழுதுங்கள்.

கூடவே இதையும் எழுதுங்கள். அன்று பழைய முறைப்படி எங்கள் எல்லோரையும் முழங்காலிட வைத்தது அவர்தான். சாகும்போது அவர் மனம் திரும்பிவிட்டார், மேடம்.