எல்லப்பன் சார் பார்த்த சுருள்

மோர் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வடக்குப்பட்டுக்கு வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்திருக்காது. வானாராய்ச்சி நிலையத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, எல்லப்பன் சார் வரைந்து அனுப்ப வேண்டிய இரண்டாவது படம் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அவர் எங்கள் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார். நான் டிராயிங் மாஸ்டர். தொலைநோக்கிக்கான கண்ணாடியைப் பதினோரு மாதம் இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். எனக்கு விரல் ரேகையே அழிந்துபோனது. அதில்தான் எந்தப் பட்டியலிலும் இல்லாத அந்தச் சுருள் நட்சத்திரக் கூட்டத்தை அவர் கண்டுபிடித்தார்.

"இன்னா சார், ரெண்டு கையும் சுத்திக்கினு கீது, தெரியலையா?" என்பார். எனக்குத் தெரிந்தது சுண்ணாம்புத் தீற்றல் மாதிரி ஒன்றுதான். நேராக ஒரு கோடு போடத் தெரியாத மனுஷர் அந்தச் சுருளை வரைந்து உங்களுக்கு அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

அடுத்த அமாவாசையன்று இன்னொரு முறை வரைந்து அனுப்பினால் அவர் பெயரோடு அறிவிப்பதாக நீங்கள் பதில் போட்டீர்கள். "நம்ம ரெண்டு பேர் பேரையும் போடச் சொல்லி எழுதறேன் சார்" என்று அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிச்சை போடுகிற மாதிரி இருந்தது.

அந்த அமாவாசைப் பகலில்தான் சூரிய கிரகணம். எண்பதாம் வருஷம், பிப்ரவரி மாதம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அவர் வீட்டுக் கொல்லையில், இதோ இங்கேதான், நாங்கள் இருவர் மட்டும். சூரியனைப் பார்க்கும்போது கண் வைக்கிற இடத்தில் கறுப்புக் கண்ணாடியைப் பொருத்துவது என் வேலை. அன்று அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"போட்டாச்சா சார்?"

"ஆச்சு, பாருங்க."

அவர் கண்ணை வைத்த பிறகு குழலைச் சூரியன் பக்கம் மெல்லத் திருப்பினேன்.

இடது கண்ணில் சின்ன வயதிலேயே அம்மை வந்து பூ விழுந்திருந்தது. அவருக்கு இருந்தது வலது கண் ஒன்றுதான்.

"சூட்டுல கண்ணாடி வெடிச்சிருக்கும் சார், உங்க மேல தப்பு இல்ல" என்று இன்றைக்கும் சொல்கிறார். அதன் பிறகு வந்த உங்கள் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டினேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதாகப் படித்தேன். அன்றோடு வானத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். சோறும் பாதியாகக் குறைந்துபோனது.

அது இருக்கிறது, அவர்தான் முதலில் பார்த்தார் என்று சொல்ல வந்திருக்கிறீர்கள். உள்ளேதான் படுத்திருக்கிறார், போய்ச் சொல்லுங்கள். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். பிறகு என் கையைத் தொடமாட்டார். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாத மனுஷர். யோசித்துப் பாருங்கள் ஐயா, அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போக என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?