சாம்பிள் பாட்டில்

ரமாபாய்: லாரி எப்பக்கா வரும்? ஏழு மணிலேர்ந்து கொடத்த வரிசைல வெச்சிட்டு வாசல்லயே நிக்கிறேன்.

செங்கொடி: வரும்... உள்ள வர்லாமா?

ரமாபாய்: கவுன்சிலருக்கு பர்மிசனா? ஓட்டு கேக்க வந்தப்போ செருப்போட பூந்தியே.

செங்கொடி: குத்திக்காட்டு. பாப்பா எப்டி கீது?

ரமாபாய்: ஆஸ்பத்திரில தான். அவங்கப்பா கூட கீறாரு. வாந்தி நின்னுச்சு, வயித்தால போறது நிக்கல. ஒம்போது புள்ளைங்கக்கா. நீ கொழா தண்ணிய நிறுத்தினதால பத்தாவது சேரல.

செங்கொடி: ரமா... முந்தாநேத்து சாக்கட கலந்த எடத்துல பைப்ப ஒட்டிட்டு அர மணி நேரம் தண்ணி வுட்டாங்களே. டெஸ்டுக்கு ஒருத்தரு வந்தாரே...

ரமாபாய்: வந்தாரு. மோர் குடுத்தேன்.

செங்கொடி: மோர் கெடக்கட்டும். பாட்டில்ல தண்ணி யாரு புடிச்சா?

ரமாபாய்: ஏன்... ரிசல்ட் வந்துச்சா?

செங்கொடி: நேத்து சாய்ங்காலமே. தண்ணி சுத்தமா கீதாம்.

ரமாபாய்: சுத்தமாவா?

செங்கொடி: இன்னா, சந்தோசமா இல்லியா?

ரமாபாய்: வண்டி சந்துக்குள்ள வராம, பாவம், வெய்யில்ல நடந்து வந்தாரு. வாசல்ல நின்னுகினு, பாட்டில நீட்டி புடிச்சு குடும்மான்னாரு.

செங்கொடி: குடுத்தியா?

ரமாபாய்: கொழாவ தொறந்தேன். மொதல்ல கறுப்பா வந்துச்சு. அப்பால வெளுத்துச்சு, ஆனா...

செங்கொடி: ஆனா?

ரமாபாய்: அதே சாக்கட நாத்தம்.

செங்கொடி: அத தானடி அவரு பாக்க வந்தாரு.

ரமாபாய்: வூடு தேடி வந்த மனுசன் கைல அத எப்டிக்கா குடுக்கிறது? இவங்க இப்டித்தான்னு நெனக்க மாட்டாரா? நீ வேற, ஆபீசர நல்லா கவனி, என் மானத்த வாங்காதன்ன.

செங்கொடி: டீ, பிஸ்கட்டு குடுப்பன்னு சொன்னேன்... பாட்டில்ல இன்னா ரொப்பின?

ரமாபாய்: கேன் தண்ணி.

செங்கொடி: கடைல வாங்கினதா?

ரமாபாய்: அன்னிக்கு தான் மூடிய ஒடச்சேன். திட்டுக்கா, வாங்கிக்கிறேன். இன்னொரு தபா வந்தா கொழாவையே காட்றேன். அதுவரைக்கும் லாரி வரும்ல? ...ஏன்கா மூஞ்ச திருப்பிக்கிற? லாரி வரும் தானே?

செங்கொடி: லாரிய நா தான் நிறுத்த சொன்னேன். ரிசல்ட்ட நம்பி இன்னிக்கு காலைல ஆறு மணிக்கே பின்சந்துக்கு வால்வும் தொறந்தாச்சு. அங்க கீற ஃபாத்திமா டம்ளர நீட்டி, மோந்து பாருக்கான்னா... அதுக்குள்ள பாதிப் பேர் குடிச்சுட்டாங்க ரமா. ஆட்டோல மைக்க கட்டிகினு, தைரியமா குடிங்கன்னு அந்த சந்துல வூடு வூடா சொன்னது நா தான்.