அப்பாவோட முன்னேற்றம்

இல்ல சிரில் அங்கிள், கதவத் தெறக்கும்போதே சொன்னேன்ல, உங்களுக்கு ஒரு சிரிப்பு வச்சிருக்கேன்னு. கண்டிப்பா உண்டு. ஆனா இப்ப இல்ல. ஜோக்க ரவை மாதிரி வறுக்கணும், அவசரப்பட்டா பச்ச வாசன அடிக்கும். காபி குடிங்க. அப்பா குளிச்சிட்டிருக்காரு. பெங்களூர்ல, அதுவும் இந்த ஈஜிபுராவுல தண்ணி எப்ப வருதோ அப்பதான் குளியல்.

நான் அவர் பையன்தான், கிஷோர். பியூசி படிக்கிறேன். அம்மா ஷிஃப்டுக்குப் போயிருக்காங்க.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். நாளைக்கு ஆபீஸ்ல அப்பாவுக்கு நேர்ல கடைசி ரிவ்யூ. பாஸானா வேல நெலைக்கும், இல்லன்னா வெளிய. மேனேஜர் வீடு தேடி வந்து தைரியம் சொல்றது பெரிய மனசு அங்கிள், நெஜமா.

இருங்க, இருங்க. சிரிப்பு எங்க ஓடிப் போகுது?

நான் எல்லார் குரலும் பேசுவேன். கீழ் வீட்டு லட்சுமம்மா மாதிரி மாடியிலேர்ந்து, ஏ நாகேஷா, நீரு பந்து கணோ, தண்ணி வந்துடுச்சுடான்னு ஒரு கத்து கத்துனா, அவங்க பையன் பக்கெட்டத் தூக்கிட்டு ஓடி வருவான். தண்ணி வந்திருக்கவே வந்திருக்காது. உங்க ஹெச்ஆர் வீணா மேடம் அப்பாகிட்டப் பேசுற குரல் கூட வரும். நோடி சுந்தரமூர்த்தி, இது பனிஷ்மென்ட் அல்லா, சப்போர்ட். அதாவது தண்டன இல்லையாம், ஒத்தாசையாம். சப்போர்ட்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவாங்க, கவனிச்சிருக்கீங்களா?

எனக்கு எப்படித் தெரியுமாவா? வீடே ஒரு ரூம்தானே. அப்பாவுக்கு மீட்டிங்னா எங்களுக்கும் மீட்டிங்.

மொத மீட்டிங்லயும் இங்கதான் உக்காந்திருந்தேன். வேல சரியில்ல, கஸ்டமர்கிட்ட பேசத் தெரியல, இனிமே வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம ரிவ்யூ, முன்னேத்தம் தெரியணும்னு நீங்க சொன்னீங்க. அப்பாவுக்கு ஒதடு அசஞ்சுது, சத்தம் வரல. நீங்க, ஹலோ சுந்தரம், மியூட்ல இருக்கீங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்னீங்க.

அவர் மியூட்ல இல்ல அங்கிள்.

அதுலேர்ந்து ஒவ்வொரு வியாழக்கெழமையும் ஒரே கததான். லேப்டாப்ல மீட்டிங் சத்தம் கேட்டதும் எந்திரிச்சுப் போய் பாத்ரூம் கதவச் சாத்திப்பாரு. வேலையா? அதெல்லாம் அவரேதான் செஞ்சாரு. கம்ப்ளெய்ண்ட் வந்தது அத்தனையும் அவர் கையால முடிச்சது, அம்மா மேல சத்தியமா. வாய்தான் வரல.

ஆமா, அதத்தான் நீங்களும் வாசல்ல சொன்னீங்க. இப்பல்லாம் எவ்ளோ தெளிவாப் பேசுறாரு, டீம்லயே யாரும் இப்படி மாறினதில்லன்னு. பெருமையா இருந்துச்சு. எனக்குத்தான்.

கேமரா போட்டா நெட்டு இழுக்குது, எல்லாரும் ஆஃப் பண்ணுங்கன்னு நீங்கதானே சொன்னது? நல்ல வேள. போன தீபாவளிக்கு எனக்குக் குரல் ஒடஞ்சுது. இப்ப ஊர்லேர்ந்து மாமா போன் பண்ணா, என்ன மச்சான்னு ஆரம்பிச்சு பாதி குடும்பக் கதைய எங்கிட்டயே சொல்லிடுவாரு. நான் உம் கொட்டிட்டே இருப்பேன்.

சிரிப்பு வரலையா? வரும்.

போன வாரம் வீணா மேடம் லைன விட்டுப் போனதும் நீங்க ஒண்ணு கேட்டீங்க. சுந்தரம், வீட்ல எல்லாம் சரியா இருக்கான்னு. அது வரைக்கும் எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்குன்னு பதில். இதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கல, ஞாபகமிருக்கா? நெட்டுன்னு நெனச்சிருப்பீங்க. நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. என்ன சொல்றதுன்னு பாத்ரூம் கதவப் பாத்துட்டிருந்தேன்.

அப்புறம் பதில் வந்துச்சுல்ல? அதே குரல்ல சொல்றேன், கண்ண மூடிக் கேளுங்க.

எல்லாம் நல்லா இருக்கு சார். நீங்க கேட்டதே போதும் சார்.

ஐயோ, காபி சட்டையில சிந்துது பாருங்க. குடுங்க, நான் வாங்கிக்கிறேன்.

கொழாய் சத்தம் நின்னுடுச்சு. அவர் குளிக்கல அங்கிள், வாசல்ல உங்க குரல் கேட்டதுமே உள்ள போனவரு. வெளிய வந்ததும் நீங்களே பேசுங்க. கேள்வி மட்டும் கேக்காதீங்க.