துணைக்கு வந்தவள்

மதுவந்தி: உக்காருடி கிளி. பாலிகஞ்ச் க்ளினிக் மொத்தமும் உன்னைத்தான் பார்த்துண்டிருக்கு.

அன்னக்கிளி: பாக்கட்டும். அரை மணி நேரம்னுதானே கூட்டிட்டு வந்தே? லேக் மார்க்கெட்ல கடையை ஆனந்து கையில விட்டுட்டு வந்திருக்கேன். இட்லி அரிசி கேட்டா பச்சரிசியை அளந்து போடுவான்.

மதுவந்தி: உன் தம்பிக்கு முப்பத்தாறு வயசு. அரிசி தெரியாதா?

அன்னக்கிளி: அவன் பொண்டாட்டிகிட்ட கேட்டுப் பாரு. சரி, உனக்குத்தானே டாக்டரு? நீ உள்ள போ, நான் இங்கனயே இருக்கேன்.

மதுவந்தி: அது வந்து...

அன்னக்கிளி: என்னட்டி முழிக்கே?

மதுவந்தி: டோக்கன் என் பேர்லதான் இருக்கு. பதினாலு. ஆனா உள்ள போகப்போறது நீ.

அன்னக்கிளி: அதானே பாத்தேன்! துணைக்கு வா, துணைக்கு வான்னு கொஞ்சும்போதே நெனச்சேன். நாப்பத்தோரு வயசுக்காரியை ஏமாத்திக் கூட்டிட்டு வந்திருக்கியே, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக் குடுக்கியா, டீச்சரம்மா?

மதுவந்தி: நிஜத்தைச் சொன்னா வந்திருப்பியா? துர்கா பூஜை முடிஞ்சதுலேர்ந்து கெஞ்சிண்டிருக்கேன்.

அன்னக்கிளி: எனக்கெதுக்குட்டி இதெல்லாம்? பதினோரு வருசமா உன்கூடக் குடும்பம் நடத்துதேன். ஆம்பள வாடையே கிடையாது. இது பிள்ள குட்டி பெத்தவளுக்கு...

மதுவந்தி: மெதுவாடி!

அன்னக்கிளி: இந்தக் கல்கத்தாவுல யாருக்குத் தமிழ் தெரியப்போவுது?

மதுவந்தி: அந்த ஓரத்துல பாரு. மல்லிப்பூ.

அன்னக்கிளி: ஆத்தாடி... நம்ம கடையில அப்பளம் வாங்குற மாமில்லா!

மதுவந்தி: சிரி. ம், போறும், ரொம்பச் சிரிக்காதே. இந்த ஃபாரத்தைப் பிடி. பேரு, வயசு, கல்யாணம் ஆச்சா...

அன்னக்கிளி: பாத்தியா! ஆரம்பிச்சாச்சு. ஒம்பது வருசத்துக்கு முன்னால ஒரு டாக்டர்ட்ட போனேன்லா? கல்யாணம் ஆச்சான்னாரு. இல்லேன்னேன். அப்போ இந்த டெஸ்டு உனக்கு வேண்டாம்மா, கல்யாணத்தை முடிச்சுட்டு வான்னு அனுப்பிட்டாரு. கல்யாணமும் முடியல, டெஸ்டும் முடியல.

மதுவந்தி: அவர் சொன்னது தப்புடி. கர்ப்பப்பை வாயில புத்துநோய் வரவைக்கற வைரஸ் இருக்கே, அதுக்கு ஆம்பளை பொம்பளை பேதமெல்லாம் கிடையாது. தோலோட தோல் பட்டாலே போறும். எங்கிட்டேர்ந்து உனக்கு வரலாம், உங்கிட்டேர்ந்து எனக்கு வரலாம்.

அன்னக்கிளி: பதினோரு வருசத்துல ஒரு பட்டுச்சேலை வாங்கிக் குடுக்கல. வைரஸ் குடுக்கப் போறியாக்கும்!

மதுவந்தி: விளையாடாதேடி. நம்ம மாதிரி இருக்கறவாதான், நமக்கென்னன்னு வராமலே இருந்துடறோம். மூணு வருஷத்துக்கோ அஞ்சு வருஷத்துக்கோ ஒரு தடவை, அஞ்சு நிமிஷ வேலை.

அன்னக்கிளி: உள்ள போயி, கூட யாரு இருக்கான்னு கேட்டா என்ன சொல்லட்டும்? வீட்டுல பாதி வாடகை குடுக்கவள்னா?

மதுவந்தி: உள்ளதைச் சொல்லு. இந்த டாக்டர் அலட்டிக்க மாட்டா. ஒரு பொண்ணோட இருக்கேன்னு சொன்னேன். 'அச்சா'ன்னு எழுதிண்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா.

அன்னக்கிளி: போயிட்டாளா? எப்போ?

மதுவந்தி: பேனாவைக் குடு, ஃபாரத்தை நானே எழுதறேன்.

அன்னக்கிளி: மது.

மதுவந்தி: பூஜை லீவு முடிஞ்ச கையோட, சாந்த்ராகாச்சில ரெண்டு நாள் டீச்சர் டிரெயினிங்னு சொன்னேனே... டிரெயினிங்லாம் இல்லடி.

அன்னக்கிளி: சொல்லு.

மதுவந்தி: சும்மாதான் டெஸ்ட் பண்ணிண்டேன். ஏதோ செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்குன்னு வந்துது. புத்துநோய் இல்ல... ஆனா கவனிக்காம விட்டா பின்னாடி ஆகலாம்னா. அந்த இடத்தை மட்டும் எடுத்துட்டா. சாயங்காலமே அனுப்பிட்டா. நம்ம நாகலட்சுமி டீச்சர் ஆத்துல ரெண்டு நாள் படுத்துண்டேன். போன மாசம் திரும்பப் பார்த்தா, எல்லாம் சரியா இருக்கு.

அன்னக்கிளி: ம்.

மதுவந்தி: வெறும் 'ம்'மா? ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன்னு நினைச்சேன்.

அன்னக்கிளி: ரெண்டு நாளைக்குன்னு புளிச்சோறு கட்டித் தந்தேனே. அதைத் தின்னியா, இல்லையா?

மதுவந்தி: தின்னேன். அழுதுண்டே தின்னேன்.

அன்னக்கிளி: ...கூட நான் இருந்திருப்பேன்லா.

மதுவந்தி: தெரியும்டி. உன் அம்மா ஆஸ்பத்திரில கிடந்து கண்ணை மூடின வருஷம் அது... உன்னை மறுபடி ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்கார வைக்க மனசு வரலை. ஆனா அப்புறம் ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்கலை. எனக்கு வந்தா உனக்கும் இருக்குமேன்னு... அதான் பொய் சொல்லி இழுத்துண்டு வந்தேன். கோச்சுக்கோ. ஆனா உள்ள போயிட்டு வந்து கோச்சுக்கோ.

நர்ஸ்: எகாரோ நம்பர்! ஓன்னோகிலி பெத்துராஜ்! ஆஷுன்!

மதுவந்தி: ஓன்னோகிலியா? யாரு அது, பாவம்... இரு, பெத்துராஜ் உங்கப்பா பேராச்சே! அன்னக்கிளியைத்தான் அப்படிக் கூப்பிடறா! ஏய், எங்கடி எழுந்துக்கறே?

அன்னக்கிளி: கூப்பிடுதாகல்லா. பதினோராம் நம்பர் என்னோடதுதான்.

மதுவந்தி: நான் என் பேர் ஒண்ணைத்தானே குடுத்தேன்? உனக்கு யார் டோக்கன் போட்டா? இந்த டாக்டரையே உனக்குத் தெரியாதே!

அன்னக்கிளி: பீரோவுல உன் ஃபைலைப் பாத்து மூணு மாசம் ஆச்சுட்டி, நீயா வாயைத் தொறப்பேன்னு காத்துக் கெடந்தேன்... எனக்கும் ரெண்டு மாசமா தூரம் இல்லாத நாள்லகூட ரத்தம் படுது, உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல, ஃபைல்ல இருந்த நம்பருக்குத்தான் போன் போட்டேன். இன்னைக்கு ஒத்தையிலதான் வர இருந்தேன், அதுக்குள்ள நீ துணைக்குக் கூப்பிட்டுட்டே. எந்திரி மது... எனக்குத் தனியா உள்ள போகப் பயமா இருக்கு.